பிரேசில் பாட்டில் பதினோரு சுற்று

நம் மெல்லிசைக் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் வாரத்திலேயே என்னைத் தேடி வந்துவிடுகிறார்கள். கிடாரில் சந்தேகம் கேட்க வருகிறார்கள் என்று நானும் ஒவ்வொரு முறையும் ஏமாறுகிறேன். "அண்ணே, அந்த பிரேசில் கல்யாணக் கதை நெஜமா?" என்றுதான் கேட்கிறார்கள். வேலுவும் சேகரும் டீக்கடையில் சொன்னது ஊர் சுற்றி என்னென்னமோ ஆகியிருக்கிறது. ஒருவர் சொல்வதில் மாமியார் மேடை ஏறி என்னை அறைகிறார். இன்னொருவர் சொல்வதில் போலீஸ் வருகிறது. இனிமேலும் விட்டால் துப்பாக்கிச் சூடு வரைக்கும் போய்விடும் என்பதால், ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். யாரும் அறையவில்லை. போலீசும் வரவில்லை.

முதலில் நம் குழுவின் சட்டம். உங்களுக்கெல்லாம் அது தெரியும், எங்கிருந்து வந்தது என்று தெரியாது. குழுவை ஆரம்பித்த பெரியவருக்குத் தன் பெயர் எங்கேயும் வருவது பிடிக்காது, அதனால் பெயர் வேண்டாம். 'ரெக்கார்டில் எப்படி இருக்கோ அப்படியே' என்பது அவர் வைத்த ஒரே சட்டம். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அந்தக் காலத்தில் ஒரு பாட்டின் நடுவில், பதிவு செய்யும்போது யாரோ நாற்காலியை இழுத்த சத்தம் லேசாகக் கேட்கும். அதற்காக மேடையில் நாற்காலி இழுக்க ஒரு ஆளை வைத்திருந்தார். அந்த ஆளுக்கும் எங்களைப் போலவே சீருடைக் கோட்டு. மூன்று மணி நேரக் கச்சேரியில் ஒரே ஒரு தடவை நாற்காலியை இழுத்துவிட்டு, மீதி நேரம் அதிலேயே உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல். அந்தப் பாட்டைக் கேட்டுக் கூட்டத்திலிருந்து சீட்டுக்கு மேல் சீட்டு வந்தது, பெரியவர் வாசிக்க மறுத்துவிட்டார். அப்போது எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகவே தெரியவில்லை. இப்போதும் பாதிதான் தெரிகிறது.

இனி கல்யாணம். டோல்கேட் பக்கம் பஞ்சர் கடைக்கு மேலே இருந்த நம் பழைய ஒத்திகை அறைக்கு ஒரு மத்தியானம் அண்ணாச்சி ஒருவர் மூச்சு வாங்கப் படி ஏறி வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், சாத்தாங்காட்டில் இரும்பு வியாபாரம். பின்னாலேயே அவருடைய மகள் மெர்சி.

"மாப்பிள்ள பிரேசில்காரரு தம்பி" என்று ஆரம்பித்தார். "தியாகோன்னு பேரு. எண்ணூர் கடல்ல மண்ணள்ளுத கப்பல் நிக்குல்லா, அதுல இஞ்சினீயரு. தங்கமான பிள்ள. நான் தியாகுன்னுதான் கூப்புடுதேன், அதுக்கும் திரும்பிப் பாக்காரு. அவிய அம்மாதான் சங்கடம். வந்து ரெண்டு நாளாச்சு, வாழப்பழத்தத் தவிர ஒண்ணும் சாப்புட மாட்டுக்காவ. எம்மவள ஏறெடுத்துப் பாக்க மாட்டுக்காவ. அவியளுக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு இருக்காம். வரவேற்புல நீங்க அத அப்படியே வாசிக்கணும்."

'அப்படியே' என்ற சொல்லைக் கேட்டதும் சேகர் டிரம்ஸ் பின்னாலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அண்ணாச்சி போன் பேசக் கீழே இறங்கியதும் மெர்சி என்னிடம் வந்தாள். "அண்ணே, அப்பாவுக்கு இது தெரியாது. அத்தை மனசார கோயிலுக்கு வந்தாத்தான் இந்தக் கல்யாணம். இல்லாட்டி வேணாம்னு தியாகோகிட்ட சொல்லிட்டேன். வீட்டுக்காரரும் இல்லாதவங்க. ஒரே புள்ளைய நான் புடுங்கிட்டு வந்த மாதிரி எனக்கு வேணாம் அண்ணே."

தொழிலில் எத்தனையோ மிரட்டல் கேட்டிருக்கிறேன். சாமி பாட்டுக்கு முன்னால் குத்துப்பாட்டு போட்டால் மேடையைப் பிரித்துவிடுவேன் என்று சொன்னவர்கள் உண்டு. நாங்கள் சொதப்பினால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும் என்று யாரும் சொன்னதில்லை. வாசிக்கிறோம் என்று சொல்லிவிட்டேன்.

மெர்சி தன் போனிலிருந்து பாட்டை அனுப்பினாள். கப்பலில் போவதற்கு முன் தியாகோ சொல்லியிருந்த விவரத்தையும் சொன்னாள். அறுபதுகளின் கடைசியில் அந்த நாட்டில் ராணுவ ஆட்சி. அப்போது சில இளைஞர்கள் தங்கள் கிராமத்து மெட்டையும், மேல்நாட்டு எலக்ட்ரிக் கிடாரையும், தெருச் சத்தத்தையும், பழைய பேண்டு வாத்தியத்தையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியிருக்கிறார்கள். நம் இசையைக் கெடுக்கிறார்கள் என்று ஒரு பக்கம் கூச்சல். எலக்ட்ரிக் கிடாரை எதிர்த்து ஊர்வலமே போயிருக்கிறது. இன்னொரு பக்கம் ராணுவம் சிலரைப் பிடித்து ஜெயிலில் போட்டு, பிறகு நாட்டைவிட்டே அனுப்பியது. தியாகோவின் அப்பா அப்போது வாலிபர். ஜன்னலைச் சாத்திவிட்டு இந்த ரெக்கார்டைக் கேட்பாராம்.

சேகர்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"கிடாருக்கு எதிரா ஊர்வலமா? அந்த ஊர்வலத்துக்கு பேண்டு யாரு நைனா வாசிச்சது?"

"பாட்டு பாட்னதுக்கா உள்ள தூக்கிப் போட்டானுங்கோ?" என்றான் ரிதம் பேட் வேலு. "நம்ம சேகரு பாடிகினு இன்னும் வெளிலதானே கீறான்!"

பாட்டைப் போட்டோம். தாலாட்டு மாதிரி மெதுவாக ஆரம்பித்தது. திடீரென்று டிரம்பெட்காரர்கள் நாலு பேர் வேறு ஏதோ ஊர்வலத்திலிருந்து வழிதவறி வந்தவர்கள்போல உள்ளே நுழைந்தார்கள். கிடார் இரும்பை அறுக்கிற மாதிரி கத்தியது. ஒருவர் சிரித்தார். லாரி ஹாரன் அடித்தது. கண்ணாடி உடைந்தது. பிறகு எதுவுமே நடக்காததுபோல் மறுபடி தாலாட்டு. எனக்குத் தலை சுற்றியது, ஆனால் பிடித்துவிட்டது. கை பரபரத்தது.

இரண்டாவது சரணத்தில்தான் வம்பு. பாடுகிறவர் ஒரு வார்த்தையின் பாதியில் சிக்கிக்கொண்டார். நாலு எழுத்தும் ஒரு துளி கிடாரும் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. எண்ணிப் பார்த்தோம், பதினோரு தடவை. அப்புறம் 'டொக்' என்று மரத்தைத் தட்டுகிற சத்தம். உடனே பாட்டு வேறொரு வார்த்தையின் நடுவில் குதித்து, மளமளவென்று ஓடி முடிந்தது.

"இது கீறல்டா" என்றேன். "ரெக்கார்டு தேஞ்சிருக்கு. இதை விட்டுட்டு வாசிப்போம்."

வேலு எழுந்தே நின்றுவிட்டான். "இன்னாண்ணா பேசுற? ஹாரன் அட்ச்சது தேஞ்சதா? கிளாஸ் ஒடஞ்சது தேஞ்சதா? உன் கிடாரு கரகரன்னு கத்துதே, அது இன்னா ஆம்ப்ளி ரிப்பேரா? அத்தினியும் வோணும்னே பண்ணதுன்னா, இது மட்டும் எப்டி கீறலு ஆவும்?"

நீங்களும் யோசித்துப் பாருங்கள். எல்லாச் சத்தத்தையும் பாட்டு என்று ஒப்புக்கொண்ட பிறகு ஒன்றை மட்டும் எப்படிக் குப்பை என்பது? அசல் பாட்டைத் தேடிக் கேட்கலாமே என்பீர்கள். மெர்சி அனுப்பியதில் 'அம்மா 3' என்பதைத் தவிர பெயரே இல்லை. போனில் பாட்டைக் கண்டுபிடிக்கிற செயலியைப் போட்டால், இது மலையாள மாதா பாட்டு என்றது. மாப்பிள்ளையோ போன் எட்டாத கப்பலில், வரவேற்பு அன்று சாயங்காலம்தான் கரைக்கு வருவார். அவர் அம்மாவிடம் கேட்கப் பாஷை கிடையாது, கடைசியில் மெர்சிக்கே போன் போட்டேன்.

"அந்தச் சுத்துற இடமா அண்ணே? அவங்க வீட்ல எப்பவும் இப்படித்தான் பாடும்னு தியாகோ சொன்னாரு."

எப்பவும் இப்படித்தான் என்றால் அது பாட்டுதான். தீர்ப்பு ஆகிவிட்டது. சட்டப்படி பதினோரு சுற்று, ஒரு டொக்.

அந்த ஒரு வார ஒத்திகையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒரே துண்டை ஒரு மயிரிழை மாறாமல் பதினோரு தடவை வாசிப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். நாலாவது சுற்றிலேயே சேகருக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும், ஒரு உருட்டு உருட்டிவிடுவான். மறுபடி முதலிலிருந்து. நம் பாடகி புரியாத அந்த மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து, பாதி வார்த்தையில் நிறுத்தி இன்னொரு பாதி வார்த்தையில் ஏறுவதற்குப் பழகினாள். பாட்டில் ஒரு மணிச் சத்தம் வருகிறது, அதற்கு எங்களிடம் கருவி இல்லை. அண்ணாச்சியின் சாத்தாங்காட்டுக் குடோனுக்குப் போய் இரும்பு இரும்பாகத் தட்டிச் சுருதி பார்த்தோம். எடை போட நின்றிருந்த லோடு ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு, "அத்தெ தட்டிப் பாரு, இத்தெ தட்டிப் பாரு" என்று ஆளுக்கொரு துண்டாக எடுத்துக் கொடுத்தார்கள். உடைந்த லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்று கச்சிதமாகப் பாடியது. 'டொக்' மட்டும் வேலுவின் பொறுப்பு. தட்டினால் வேண்டிய சத்தம் வருகிற ரிதம் பேடில் அந்தச் சத்தத்தையும் ஏற்றி வைத்துக்கொண்டான். அவன் தட்டினால்தான் நாங்கள் குதிப்பது என்று ஏற்பாடு. அது என் ஏற்பாடு. என் தப்பும் அதுதான், ஒரே ஆளின் ஒரே தட்டை நம்பி மீதி ஆறு பேரைக் கட்டிவைத்தேன்.

திருவொற்றியூரில் மண்டபம். மறுநாள் காலை கோயிலில் கல்யாணம், முதல் நாள் மாலை வரவேற்பு. தியாகோவின் அம்மா பெயர் லூர்த்ஸ், அதற்குள் எல்லாரும் லூர்தம்மா ஆக்கியிருந்தார்கள். கரு நீல கவுன், மடியில் கைப்பை, அதன்மேல் இரண்டு கையும். முன் வரிசையில் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரோ மரியாதைக்காக வாழைப்பழத் தட்டு ஒன்றை வைத்திருந்தார்கள். மணமேடையில் நின்ற மெர்சி புகைப்படக்காரரைப் பார்க்கவே இல்லை, அந்த அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழக்கப்படி முதல் பாட்டு மாதா பாட்டு. லூர்தம்மா சிலுவை போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். பிறகு நம் பாட்டுகள் நாலைந்து. முகத்துவாரக்குப்பத்திலிருந்து தியாகோவின் படகுக்காரத் தோஸ்துகள் வந்திருந்தார்கள், சீட்டு எழுதிச் சீட்டு எழுதி அனுப்பி ஆடினார்கள். சீட்டில் கடைசியாக வந்த பாட்டுக்குக் குதிரைக் கனைப்பு தேவைப்பட்டது, வேலு அதைப் பேடில் தட்டினான். அடுத்தது பிரேசில்.

தாலாட்டு தொடங்கியதும் அந்த அம்மாவின் தலை நிமிர்ந்தது. டிரம்பெட் வழிதவறி வந்தது, நான் இரும்பை அறுத்தேன், ஹாரன் அடித்தது, குப்பத்துப் பையன்கள் விசிலடித்தார்கள். லாரி பட்டை மணியாக ஒலித்தது. இரண்டாவது சரணம். சுற்று ஆரம்பமானது. ஒன்று, இரண்டு, மூன்று. பதினொன்றில் வேலு பேடைத் தட்டினான்.

குதிரை கனைத்தது.

முந்தைய பாட்டின் செட்டிங்கை அவன் மாற்றவே இல்லை. முகம் வெளிறிப்போய் பட்டனை அமுக்கினான். அடுத்த சுற்றின் முடிவில் தட்டினான், தவளை. அடுத்ததில் குழந்தை அழுகை. நாங்கள் என்ன செய்வது? டொக் வந்தால்தான் குதிக்க வேண்டும். டொக் வரவில்லை. பதினைந்து, பதினாறு. ஆறு பேரும் அதே நாலு எழுத்தில் சுற்றிக்கொண்டிருந்தோம்.

மண்டபத்தில் சலசலப்பு. மைக் செட்காரர் ஓடி வந்து ஒவ்வொரு ஒயராகப் பிடித்து ஆட்டினார். "மாட்டிக்கிச்சு, மாட்டிக்கிச்சு, கரண்ட ஆஃப் பண்ணுங்கல!" என்று அண்ணாச்சியின் உறவுக்காரர் ஒருவர் கத்தினார். குப்பத்துப் பையன்கள் மட்டும் இதுதான் பாட்டின் உச்சக்கட்டம் என்று நினைத்து ஒரே காலைத் தூக்கித் தூக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி தூரத்திலிருந்து இரண்டு கையையும் ஆட்டி நிறுத்தச் சொன்னார். சேகர் உதட்டை அசைக்காமல் கேட்டான்: "அண்ணா, பேஜாரா பூட்ச்சி. தாவிக்கலாமா?"

தலையை ஆட்டியிருந்தால் போதும், எல்லாரும் குதித்திருப்பார்கள், மானமும் பிழைத்திருக்கும். அந்த நேரத்தில் லூர்தம்மாவைப் பார்த்தேன். மடியிலிருந்த கைப்பையை எடுத்துத் தரையில் வைத்தார். கச்சேரி பிடிக்காதவர்கள் பையை எடுத்துக்கொள்வார்கள், கீழே வைக்க மாட்டார்கள். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. சேகரைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தேன். சுற்று தொடர்ந்தது.

அவர் எழுந்தார். மண்டபமே வாசலுக்கு வழிவிட்டு ஒதுங்கியது. மெர்சி மாலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அந்த அம்மா நேராக எங்கள் பக்கம் வந்து படி ஏறினார். ஓடாத மிக்சியைப் பார்ப்பதுபோல எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். எனக்கு முன்னால் இருந்த மரப்பெட்டி ஸ்பீக்கரின் தலையில் கையை மடக்கி ஒரு போடு போட்டார்.

டொக்.

குதித்தோம். பாதி வார்த்தையிலிருந்து பாதி வார்த்தைக்கு, ஒரு இம்மி பிசகாமல் குதித்து, மளமளவென்று வாசித்து முடித்தோம். முடியும்போது அந்த அம்மா ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

தியாகோ ஓடி வந்து அம்மா சொல்வதை மைக்கில் சொன்னார். நாலு வயதில் தியாகோ அந்த ரெக்கார்டின்மேல் மூன்று சக்கர சைக்கிளை ஓட்டியிருக்கிறார். அன்றிலிருந்து அந்த இடத்தில் ஊசி சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் அப்பா எழுந்து வந்து மேஜையைத் தட்டுவார். அப்பா போன பிறகு அம்மா தட்டுகிறார். அம்மாவுக்குத் தெரியாமல் தியாகோ போனில் பதிவு செய்ததில் கேட்பதும் அவருடைய கைதான். உலகத்தில் அந்த இடத்தில் சுற்றுகிற ரெக்கார்டு அது ஒன்றுதான். இது எப்படி உங்களுக்குத் தெரிந்தது என்று அம்மா கேட்கிறார்.

ஆக, கீறல்தான். நான் சொன்னதுதான் சரி. அதைச் சொல்லிக்காட்டலாம் என்று வேலுவைத் திரும்பிப் பார்த்தேன், அவன் இன்னும் தவளைகளுக்கு நடுவில் டொக்கைத் தேடிக்கொண்டிருந்தான்.

இந்தக் கதையிலிருந்து நீங்கள் தப்பான பாடம் எடுத்துக்கொள்ளக் கூடாது. நாங்கள் எடுத்தோம். பிறகு ஒரு கப்பல் கம்பெனி விருந்துக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதே பாட்டைப் பதினோரு சுற்றோடு பெருமையாக வாசித்தோம். ஐந்தாவது சுற்றில் மேனேஜர் வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார். கீறலையெல்லாம் வாசியுங்கள் என்று நான் சொல்லவில்லை. மேடையில் தப்பு நடக்கிறபோது நம் மானத்தைப் பார்க்காமல், யாருக்காக வாசிக்கிறோமோ அவர் கையைப் பாருங்கள் என்கிறேன். சேகரைக் கேட்டால் வேறு பாடம் சொல்வான்: கனைப்பு இருக்கிற பாட்டை ஒத்துக்கொள்ளாதே.

சரி, அன்றைய மேடைக்கு வருகிறேன். குப்பத்துப் பையன்கள் "ஒன்ஸ்மோர்" என்று கத்தினார்கள். அந்தச் சொல் லூர்தம்மாவுக்குப் புரிந்ததா தெரியவில்லை, அவர் பாட்டுக்கு மணமேடைக்குப் போனார். மெர்சியின் மணிக்கட்டைப் பிடித்தார். பட்டுச்சேலை தடுக்க, மாலை சரிய, அவளை எங்கள் பக்கம் இழுத்து வந்து, அவள் கையை மடக்கி ஸ்பீக்கரின் தலையில் வைத்தார். எங்களைப் பார்த்து, ம், என்றார்.

இரண்டாவது சரணத்திலிருந்து எடுத்தோம். சுற்று வந்தது.

"எப்போ அத்தை? இப்பவா?" என்று மெர்சி கேட்டாள்.

லூர்தம்மா அவர் மொழியில் நீளமாக ஏதோ பதில் சொன்னார். "இன்னும் கொஞ்ச நேரமா?" என்றாள் மெர்சி. அவர் தியாகோவைக் காட்டி, தரையிலிருந்து இரண்டு முழ உயரத்தைக் காட்டி, சைக்கிள் மிதிப்பதுபோல் கையைச் சுழற்றினார். மெர்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அவர் குரல் இறங்கியது. காலியாக இருந்த ஒரு நாற்காலியைக் காட்டி எதையோ சொன்னார், சொல்லிக்கொண்டே இருந்தார். மெர்சி சிரிப்பை நிறுத்திவிட்டு, இன்னொரு கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ம், சொல்லுங்க அத்தை" என்றாள். ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து வேலு டொக்கைக் கண்டுபிடித்துவிட்டான். குச்சியை ஓங்கிக்கொண்டு ஆசையாக என்னைப் பார்த்தான். நான் முறைத்த முறைப்பில் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். சேகர் ஒரு உருட்டுகூட உருட்டாமல், தலையைக் குனிந்துகொண்டு, ஒத்திகையில் ஒரு நாளும் வாசிக்காத சுத்தத்தோடு வாசித்துக்கொண்டிருந்தான். இருபதுக்கு மேல் நான் எண்ணவில்லை.

அண்ணாச்சி மேடை ஓரமாக வந்து என் காதருகே குனிந்தார். "தம்பி, பந்தியில எல போட்டாச்சு. இத எப்பம் முடிப்பிய?"

"அவங்க பேசிட்டிருக்காங்க அண்ணாச்சி."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மேடைப் படியிலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நிறுத்திராதிய" என்றார்.